யாரையும் கேட்காமல் படிக்க

அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது. பதினேழாம் நூற்றாண்டில், செங்கற்பட்டுச் சீமையில், பிறவியிலேயே பார்வையில்லாமல் பிறந்த அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க முதுகில் விரலால் எழுதிக் காட்டினார்களாம். தோலில் பட்ட எழுத்தை மனத்தில் வாங்கிப் படித்தவர் பின்னாளில் புராணமும் பிள்ளைத்தமிழும் கோவையும் பாடினார். ஈழம்வரை போய்ப் பரிசில் பெற்றார். புலவர் சரித்திரம் சொல்கிறவர்கள் இந்தக் கதையை அவருடைய நினைவாற்றலுக்குச் சான்றாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் கதைக்குள் இன்னொருவரும் இருக்கிறார். அவரை யாரும் கவனிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர். அவருக்குப் பொழுது இருந்தால்தான் பாடம். அவர் விரல் ஓய்ந்தால் படிப்பும் ஓய்ந்தது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதெல்லாம் அவர் தீர்மானம். ஒரு சொல்லில் நின்று யோசிக்க வேண்டுமென்றால் அவரிடம் சொல்ல வேண்டும். முந்தின வரிக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

நூல் படிப்பது மனித உரிமை என்று இன்று பரவலாகப் பேசுகிறோம். அந்த உரிமைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் எழுத்தறிவு, நூலகம், மலிவு விலைப் பதிப்பு என்று பட்டியல் நீளும். எல்லாம் வேண்டியவையே. பார்வையற்ற வாசகரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தப் பட்டியலுக்கு அடியில் கிடக்கும் ஒன்று தட்டுப்படுகிறது: இன்னொருவர் தயவில்லாமல் ஒரு நூலோடு தனியாக இருக்க முடிவது. பார்வையுள்ளவர்களுக்கு அது கேட்காமலே வாய்த்துவிடுவதால் உரிமையாகவே தோன்றுவதில்லை.

தனியாகப் படிப்பது மனிதர்களுக்கு எப்போதும் இருந்த வழக்கமும் இல்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்வி வருகிறது. ஏடு சிலர் கையில் மட்டும் இருந்த காலத்தில் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் பொதுவான வாசல் காது. பாரதம் படிப்பது என்றால் ஒருவர் படிக்க ஊர் கூடிக் கேட்பது. அந்தக் கூட்டத்தில் பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் கிடைத்த பாரதமும் ஒன்றுதான். அச்சு வந்த பிறகும் வெகுகாலம் வாய்விட்டுப் படிப்பதே படிப்பு. நாவலோடு சேர்ந்துதான் மௌன வாசிப்பு தமிழில் வேரூன்றியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் ஆராய்ந்திருக்கிறார். பெண்கள் நாவல் படிப்பதைக் கண்டு பெரியவர்கள் பதறியதும் அந்தக் காலத்தில்தான். பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. வாய்விட்டுப் படித்தால் வீடே காவல். மனசுக்குள் படிக்கிறவள் எந்த வரியில் நிற்கிறாள், எதை நினைத்துச் சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அச்சு கொடுத்த பெருங்கொடை இந்தத் தனிமை. பார்வையற்றவர்களுக்கு நேர்ந்தது வேறு. கூடிக் கேட்கும் சபைகள் கலைந்தன. நூல்கள் தாளுக்குள் போய் மௌனமாயின. மற்றவர்கள் தனி வாசகர்களாக வளர்ந்த அந்த நூற்றாண்டில், பார்வையற்றவர்கள் தங்கள் முதுகில் யாராவது எழுதக் காத்திருப்பவர்களாகவே நிறுத்தப்பட்டார்கள்.

தனிமைக்கான முதல் வழியைப் பார்வையற்ற ஒருவரே கண்டுபிடித்தார். பாரிஸ் பள்ளி மாணவராக இருந்த லூயி பிரெய்ல், ஷார்ல் பார்பியேயின் பன்னிரண்டு புள்ளி முறையை ஆறு புள்ளியாகச் சுருக்கினார். 1829இல் அது நூலாக வந்தது. ஆறு புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கும். அந்த அளவில்தான் கண்டுபிடிப்பின் மேன்மை இருக்கிறது. விரலை மேலும் கீழும் அலைய விடாமல் ஒரே தொடுதலில் ஓர் எழுத்து. படிக்கும் விரல் இப்போது படிப்பவருடையது. நிற்கலாம், திரும்பலாம், தாண்டலாம்.

தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அப்போது இந்திய மொழிகளுக்கு ஒரே பிரெய்ல் கிடையாது. இடத்துக்கு ஒரு முறை இருந்தது. 1951இல்தான் பாரதி பிரெய்ல் என்ற பொது ஏற்பாடு வந்தது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே வடிவம் என்பது அதன் கொள்கை.

ஆனால் பிரெய்லுக்கு இடம் வேண்டும், பணமும் வேண்டும். தடித்த தாள், பெரிய எழுத்து, புள்ளி நசுங்காமல் அடுக்க அகலமான அலமாரி. அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாகிவிடும். 'பொன்னியின் செல்வ'னை முழுதாக ஏற்றினால் ஒரு சுவரை அடைக்கும். பிரெய்ல் அச்சகங்களோ மிகக் குறைவு. ஆகவே முன்னுரிமை என்ற ஒன்று வந்தது: முதலில் பாடநூல். பிறகு தேர்வுக்குரியவை. பிறகு நீதிநூல், பக்திநூல். கதைக்கும் கவிதைக்கும் முறை வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். தேனி சீருடையான் பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் கழிந்த தன் சிறுவயதை அடியொற்றி 'நிறங்களின் உலகம்' நாவலை எழுதினார். அச்சில் வந்த அந்த நாவலை அதே பள்ளியின் மாணவர் ஒருவர் தானே எடுத்துப் படிக்க என்ன வழி இருந்திருக்கும்? தங்களைப் பற்றிய கதையையும் இன்னொருவர் வாயால்தான் அவர்கள் கேட்டிருக்க முடியும்.

இங்கேதான் வாசிப்பாளர் வருகிறார். சென்னைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்களோடு பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். மாலையில் வந்து மரத்தடியிலோ விடுதி வராந்தாவிலோ உட்கார்ந்து பாடம் படித்துக் காட்டுகிறவர். தேர்வறையில் 'சொல்வதை எழுதுபவர்' என்று அவருக்கே இன்னொரு வேலை. ஒரு காலத்தில் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். இப்போது வாட்ஸ்அப் குரல்பதிவு. வீடுகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் அம்மாக்களும் அக்காக்களும் செய்தார்கள். வெளியுறவுப் பணிக்குத் தேர்வான, முழுமையாகப் பார்வையற்ற முதல் இந்தியரான சென்னையின் பெனோ செபைன் தன் வெற்றியைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் படித்துக் காட்டியதையும், கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

வாசிப்பாளர்களின் உழைப்பு பெரியது. அவர்கள் இல்லாவிட்டால் பல பட்டங்கள் இல்லை. அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் இதையும் சொல்ல வேண்டும்: படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. பாடம் படித்துக் காட்ட வந்த கல்லூரிப் பெண்ணிடம், "இன்றைக்கு ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' படிக்கலாமா தங்கச்சி?" என்று எந்த மாணவர் கேட்பார்? பக்திமானான மாமாவிடம் பெரியாரின் கட்டுரையைப் படித்துக் காட்டச் சொல்ல முடியுமா? காதலித்துத் தோற்றவர் இரவு இரண்டு மணிக்கு ஒரு கவிதைத் தொகுப்பு வேண்டும் என்றால் யாரை எழுப்புவார்? தன் நோயைப் பற்றி, தன் உடலைப் பற்றி, வீட்டாருக்குச் சொல்லாத ஒரு சந்தேகத்தைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் என்ன செய்வார்? ஒருவர் படித்துக் காட்டும்போது அவருடைய குரலும் கூச்சமும் அவசரமும் நூலோடு சேர்ந்து வருகின்றன. சலிப்பான பத்தியை அவர் தாவிவிட்டால் கேட்பவருக்குத் தெரியாது. கெட்ட வார்த்தை வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார். நூலுக்கும் வாசகருக்கும் நடுவில், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், ஒரு மூன்றாம் மனிதர்.

இன்னொன்றும் உண்டு. உதவியாக வரும் வாசிப்பில் வீண் படிப்புக்கு இடமில்லை. நேரம் கொடுப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று பயனுள்ளதையே கேட்கப் பழகிவிடுகிறார்கள். வேலைக்குத் தேவையானது, தேர்வுக்கு வருவது, எல்லோரும் நல்லது என்று சொல்வது. பார்வையுள்ள நாம் வாசகர்களானது அந்த வழியில் இல்லை. மளிகைக்கடைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் படித்து, அண்ணன் ஒளித்துவைத்த மாத நாவலைத் திருடிப் படித்து, வாடகை நூலகத்தில் அட்டைப்படத்தைப் பார்த்து எடுத்த நூலைப் பத்துப் பக்கத்தில் தூக்கிப் போட்டு, ஒருநாள் தற்செயலாகப் புதுமைப்பித்தனில் போய் முட்டிக்கொண்டோம். ரசனை என்பது ஆயிரம் வீண் படிப்புகளின் மிச்சம். அந்த வீணுக்கு வழியில்லாதவருக்கு நல்ல நூல்களின் பட்டியலைக் கொடுப்பது, படிப்பதற்கான உரிமையைக் கொடுத்ததாகாது.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆம் பிரிவுக்கு இரண்டு உட்பிரிவுகள். சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்கேற்கவும் கலைகளைத் துய்க்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது முதலாவது. தன் படைப்பிலிருந்து வரும் பொருள் நலனுக்கும் மதிப்புக்கும் பாதுகாப்புப் பெறப் படைப்பாளிக்கு உரிமை உண்டு என்பது இரண்டாவது. அதே 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த பலன் அது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் அதுதான். சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகி ஊர் நூலகங்களுக்குப் போகும் ஏற்பாடு அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று ரங்கநாதன் 1931இலேயே நூலகவியலின் இரண்டாம் விதியாக எழுதியிருந்தார்.

பிரகடனத்தின் இரண்டு உட்பிரிவுகளும் பார்வையற்ற வாசகரிடத்தில் வந்து மோதிக்கொண்டன. அச்சு நூலைப் பிரெய்லாகவோ ஒலியாகவோ மாற்றுவது சட்டப்படி ஒரு பிரதி எடுப்பது. பிரதி எடுக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுதினால் பதில் வராது. வந்தாலும் படிப்பே முடிந்துபோயிருக்கும். ஒரு நாட்டில் மாற்றிய பிரதியை அடுத்த நாட்டுக்கு அனுப்பவும் தடை. ஸ்பெயினின் பார்வையற்றோர் அமைப்பிடம் ஆயிரக்கணக்கில் ஸ்பானிய நூல்கள் தயாராக இருந்தும், அதே மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அவற்றைச் சட்டப்படி அனுப்ப முடியாமல் கிடந்தன. உலகில் வெளியாகும் நூல்களில் பத்தில் ஒன்றுகூடத் தங்களுக்குப் படிக்கக் கிடைப்பதில்லை என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சொன்னது. இதைப் புத்தகப் பஞ்சம் என்றே அழைத்தார்கள்.

அந்த ஒன்றியம் எழுதிய ஒப்பந்த வரைவை 2009இல் பிரேசிலும் ஈக்வடாரும் பராகுவேயும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் முன் வைத்தன. நான்காண்டு இழுபறிக்குப் பிறகு 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒப்பந்தம் வந்தால் பாட வருகிறேன் என்று முன்பே சொல்லிவைத்திருந்த பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் மராக்கேஷுக்கே வந்து பாடினார். ஒப்பந்தத்தில் முதலில் சேர்ந்த நாடு இந்தியா: 2014 ஜூன். இருபது நாடுகள் சேர்ந்து 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா முந்திக்கொண்டது தற்செயலாக நடக்கவில்லை. 2012லேயே இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவில் எந்த நூலையும் லாப நோக்கமின்றி மாற்றலாம், அனுமதி தேவையில்லை என்றது திருத்தம். அந்தத் திருத்தத்துக்காகவும் மராக்கேஷ் ஒப்பந்தத்துக்காகவும் ஓயாமல் உழைத்தவர்களில் ஒருவர் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன். நாற்பது வயதைத் தொடாமல் 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்து வந்த ஒப்பந்தத்தை அவர் பார்க்கவில்லை. உரிமைகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட பெயர்களைத் தமிழ் இலக்கிய உலகம் அறிந்துகொண்டதே இல்லை. நூலைப் பற்றிய சட்டம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்கிறோம் போலும்.

ஒப்பந்தம் பார்வையற்றோருக்கு மட்டுமானதும் இல்லை. டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், நூலைக் கையில் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்கள் எல்லோரும் அதன் பயனாளிகள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். வயதானவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இது எந்த வீட்டுக்கும் வரக்கூடியது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துப் படித்த தலைமுறை ஒன்று இருந்தது. சர்க்கரையிலும் கண்ணழுத்த நோயிலும் பார்வை மங்கி, அதில் எத்தனையோ பேர் இன்று தொலைக்காட்சியின் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பதாண்டு வாசகர் ஒருவரைப் பார்த்து, இனி உங்களுக்கு நூல் இல்லை, சீரியல்தான் என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம்.

சட்டம் வழிவிட்டாயிற்று. கருவியும் வந்துவிட்டது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழும் படிக்கும். கைபேசியும் படிக்கும். குரல் இயந்திரக் குரல்தான். ஆனால் அதற்குக் கூச்சமில்லை, சலிப்பில்லை, இரவு இரண்டு மணி என்ற கணக்கும் இல்லை. பழகியவர்கள் அதை மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுப் படிக்கிறார்கள். அப்படியானால் தமிழ் நூல் எங்கே நின்றுபோனது?

கணினிக் கோப்பில் நின்றுபோனது. தமிழ்ப் பதிப்பகங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நூல்களைக் கணினியில்தான் வடிவமைக்கின்றன. ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கோப்பு எங்கோ இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த 'அம்மா'வைத் திரையில் பார்த்தால் அம்மாதான். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. பார்வையுள்ளவர் போர்வையைப் பார்க்கிறார். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. ஒரு நாவல் முழுக்க எம்மும் கேயும் அரைப்புள்ளியுமாக அதன் காதில் விழுகிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃபோ இன்னும் மோசம். அதில் எழுத்தே கிடையாது, தாளின் புகைப்படம் மட்டும். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 'எழுத்து' முதல் நேற்று நின்றுபோன இதழ்வரை, பாதுகாத்தாயிற்று என்று நாம் நிம்மதியடைந்த இடத்தில் ஒரு வாசகர் கூட்டம் வெளியே நிற்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வேலையைத் தமிழர்கள் தற்செயலாகவே தொடங்கிவிட்டார்கள் என்பது மனத்துக்குத் தெம்பு தருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பார்வையற்றோரை நினைத்து அது தொடங்கப்படவில்லை. ஆனால் படமாக ஏற்றாமல் எழுத்தாக ஏற்றியதால், ஒருங்குறிக்கு மாறிய பிறகு அந்த நூல்கள் எல்லாம் திரைவாசிப்பானின் குரலில் பேசத் தொடங்கின. பிறகு தமிழ் விக்கிமூலம் வந்தது. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் ஸ்கேன் கோப்புகள் அங்கே ஏறின. கூகுளின் எழுத்துணரி அவற்றை எழுத்தாக்க, பிழைகளைத் தன்னார்வலர்கள் திருத்திவருகிறார்கள்.

நாட்டுடைமை என்ற ஏற்பாட்டை இந்தப் பின்னணியில் புதிதாகப் பார்க்க வேண்டும். பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949இல் ஓமந்தூர் ராமசாமி அரசு வாங்கியது. அதன் தொடர்ச்சியாக இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களுக்குத் தமிழக அரசு வாரிசுகளிடம் பரிவுத்தொகை கொடுத்து அவற்றைப் பொதுவாக்கியிருக்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்ற அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். படைப்பாளியின் நலன், வாசகரின் உரிமை என்ற இரண்டு உட்பிரிவுகளும் ஒன்றையொன்று வெட்டாமல் நிற்க ஒரு வழியை இங்கே கண்டிருக்கிறார்கள்: குடும்பத்துக்குப் பணம், ஊருக்கு நூல்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை நீடிக்கும். நாட்டுடைமையும் பெரும்பாலும் இறந்தவர்களுக்கே. ஆகவே பார்வையற்ற தமிழ் வாசகரின் அலமாரியில் சங்க இலக்கியம் இருக்கிறது, கல்கி இருக்கிறார், புதுமைப்பித்தன் இருக்கிறார். இந்த ஆண்டுப் புத்தகக் காட்சியில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்ட நாவல் இருப்பதில்லை. மின்னூலாக ஒருங்குறியில் வருகிற சில நூல்களை விட்டால், அவருடைய இலக்கிய நிகழ்காலம் இரண்டு தலைமுறை பின்தங்கியே நிற்கிறது. முன்னோரைப் படிக்கலாம், சமகாலத்தவரைப் படிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இருந்தும் நடப்பது அதுதான்.

கோப்பைக் கொடுங்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டால் அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முந்நூறு பிரதி அச்சடித்து மூன்றாண்டு விற்கிறவர் அவர். வெளியான மாதமே நூலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்தவர். கோப்பு கைமாறினால் இருக்கும் முந்நூறும் போய்விடும் என்று பயப்படுகிறார். ஆனால் டெலிகிராமில் சுற்றுவது எது என்று பார்த்தால், அச்சு நூலைக் கைபேசியில் படம்பிடித்த ஸ்கேன். திருடுகிறவருக்குக் கோப்பு தேவைப்படவில்லை. பூட்டிவைத்த கோப்பு திருட்டைத் தடுக்கவும் இல்லை. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் பார்வையற்ற வாசகர் ஒருவரைத்தான் அது தடுத்திருக்கிறது. அவர் வாங்க வந்தால் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

பதிப்பாளரின் நல்ல மனத்தை நம்பி இதை விட்டுவிட்டால் மறுபடியும் தயவுக்கே திரும்புகிறோம். அதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. நம் பதிப்புலகின் மூச்சே அதில்தான் ஓடுகிறது. நூலக ஆணை. பொது நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும்போது ஒருங்குறியில் ஒரு கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். அந்தக் கோப்பு பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒப்பந்தம் சொல்லும் மற்றவர்களுக்கும் மட்டும் உறுப்பினர் அட்டையின் பேரில் போகட்டும். வேண்டுமானால் அதற்கும் தனியே விலை கொடுக்கட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கும் கடமை. அந்தக் கையோடு கோப்பும் போகலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரிவு இருக்கிறது. 2016இல் மைய அரசு தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. போய்ச் சேரும் இடங்களுக்குக் குறைவில்லை. மராக்கேஷ் ஒப்பந்தத்தில் இந்தியாவோடு இலங்கையும் சிங்கப்பூரும் கனடாவும் சேர்ந்திருப்பதால், சென்னையில் ஒருமுறை ஒழுங்காக்கப்பட்ட கோப்பு யாழ்ப்பாணத்துக்கும் டொராண்டோவுக்கும் சட்டப்படியே போகலாம். அங்கிருந்து இங்கே வரவும் செய்யலாம்.

நூலக வரியை நினைத்துப் பார்த்தால் இதில் சலுகை என்று எதுவும் இல்லை. பார்வையற்றவர் வசிக்கும் வீட்டுக்கும் அந்த வரி உண்டு. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் கட்டிய வரியில் வாங்கிய நூல்களை மற்றவர்கள் படித்துவருகிறோம்.

கடைசியாக, இது அவர்களுடைய நலனை மட்டும் பற்றிய பேச்சில்லை. பார்வையற்ற தமிழர்கள் தங்களுக்குள் 'விரல்மொழியர்' என்று ஒரு மின்னிதழே நடத்தியிருக்கிறார்கள். தர்க்கமும் எள்ளலும் கோபமும் அதில் உண்டு. சமகால இலக்கியத்தைப் பற்றிய நம் விவாதங்களில் அந்தக் குரல் அபூர்வமாகவே கேட்கிறது. எப்படிக் கேட்கும்? விவாதத்துக்குரிய நூலே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையே. தமிழ் நாவல்களில் பார்வையற்ற பாத்திரங்கள் வந்து போகிறார்கள். ஞானியாக, பாடகராக, பரிதாபத்துக்குரியவராக. அந்தப் பாத்திரம் பொய் என்று எழுதும் தகுதி யாருக்கு உண்டோ அவர்களிடமிருந்து நம் நாவல்கள் தப்பித்துக்கொண்டிருக்கின்றன. எழுத்தாளர்களுக்கு அது வசதிதான். ஆனால் தன்னைக் கேள்வி கேட்கக்கூடிய வாசகரிடமிருந்து தப்பிக்கும் இலக்கியம் எப்படி வளரும்?

படிக்கும் உரிமை தமிழில் வந்துவிட்டதா என்று அளக்க நூலகக் கட்டடங்களை எண்ண வேண்டாம். பார்வையற்ற வாசகர் ஒருவர், புத்தகக் காட்சி முடிந்த மறுவாரம், யாரையும் கேட்காமல் ஒரு புதிய நாவலை வாங்கிப் படித்து, சகிக்கவில்லை என்று நான்கு பக்கம் எழுதி இதே பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர் அதைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் வெட்டித் திருத்தி வெளியிட வேண்டும். நாவலாசிரியர் கோபித்துக்கொண்டு அடுத்த இதழில் பதில் எழுத வேண்டும். அந்தச் சண்டை வரும்வரை, நூலக ஆணையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வேலை.